ஓடாத ஸ்கூட்டரும் வக்கா மரமும்

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே உங்களுக்கெல்லாம் இயற்கை மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிடுகிறது. குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தவர்கள் என்று சொல்லி நாம் வைத்திருக்கிற வாட்ஸ்அப் குழுவைத்தான் சொல்கிறேன். ஒருவர் சிட்டுக்குருவி படம் போட்டு, 'எங்கே போனாய்?' என்று கேட்கிறார். அதன் கீழே வரிசையாக அழுகிற பொம்மைகள். குருவியைத் தேடுகிற அந்த மனிதர் வானகரத்தில் உச்சி மாடியில் இருக்கிறார். புறா வரக்கூடாது என்று பால்கனி முழுக்க வலை கட்டியிருக்கிறார். நானே பார்த்தேன்.

போன வாரம் நானும் ஒரு படம் போட்டேன். நம் பிளாக் முனையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம். அடியில் சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறி. மேலே கூடுகள், கூடுகளில் குஞ்சுகள். பாழடைந்து கிடக்கும் பழைய பிளாக்குகளை இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டப்போகிறார்கள், அதற்காக மரத்தையும் வெட்டப்போகிறார்கள், குஞ்சுகள் பறக்கும்வரைக்குமாவது நிறுத்த வேண்டும், ஞாயிறு காலையில் வாருங்கள் என்று எழுதினேன். ஒரு கும்பிடு வந்தது. ஒரு 'வெரி சேட்' வந்தது. ஒருவருக்கு அன்றைக்கு வளைகாப்பு. என் கூடப்பிறந்த தம்பி, நூம்பலில் வீடு கட்டிக் குடியேறி இரண்டு கார் வைத்திருப்பவன், "அக்கா, அதுங்க வேற மரத்துக்குப் போயிரும், நீ பிரஷரை ஏத்திக்காத" என்று எழுதினான்.

வேறு மரத்துக்குப் போய்விடும். இதே பேச்சை அதே மரத்தடியில் நின்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். அப்போது உங்களில் பலரும் அங்கே இருந்தீர்கள். எல்லாரும் சௌகரியமாக மறந்துவிட்டதால் அந்த மழைக்காலத்தை இப்போது சொல்கிறேன். படிக்கப் பிடிக்காதவர்கள் குருவிப் படத்துக்கே திரும்பிப் போகலாம்.

நம் குவார்ட்டர்ஸில் பொழுது விடிவதும் முடிவதும் தொழிற்சாலைச் சங்கை வைத்துத்தான். சங்கு ஊதினால் அப்பாக்கள் சைக்கிளில் போவார்கள், மறுபடி ஊதினால் எண்ணெய் வாசனையோடு திரும்புவார்கள். திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குச் சிரிப்பு. ஆனால் இரும்பு விஷயத்தில் எல்லாரும் ஒரே சாதி. தலைமுடி கனத்துக்குப் பிசகு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த கர்வம் வீட்டுக்கும் வரும். அம்மா பிடித்து வைத்த கொழுக்கட்டை கோணலாக இருந்தால்கூட என் அப்பாவின் கண் அங்கேதான் போகும். அவர் ஃபிட்டர், திருநெல்வேலிக்காரர். நாங்கள் மாடி வீடு.

மாடி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது. எஸ்டேட் ஆபீஸில் எத்தனை தடவை சொன்னாலும் 'பார்க்கலாம்' என்பார்கள். கடைசியில் அப்பாக்களே கிளம்பினார்கள். மரத்தை ஒட்டி இருந்த தொட்டியிலிருந்து பிளாக்கின் பின்பக்கமாக ஒரு தனி லைன் போட்டார்கள். சுற்றிக்கொண்டு போனால் அழுத்தம் குறையும் என்று கணக்குப் போட்டு, சாக்கடை வாய்க்காலுக்கு அடியிலேயே குறுக்காகக் குழாயை விட்டார்கள். கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதில் போயின. முதல் தண்ணீர் எங்கள் வீட்டுக் குழாயில் கொட்டிய அன்று அம்மா எல்லாருக்கும் கேசரி கிண்டினாள். அப்பா குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

அந்த வருஷம் மழை பிடித்ததும் வக்காக்கள் வந்தன. வக்கா என்றால் இராக்கொக்கு. சாம்பல் உடம்பு, கறுப்பு உச்சந்தலை, பின்னால் தொங்கும் வெள்ளைக் குடுமி, சிவப்புக் கண். பகலெல்லாம் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, பென்ஷன் வராதவர் முகத்தோடு உட்கார்ந்திருக்கும். சாயங்காலச் சங்கு ஊதியதும் 'க்வாக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஏரிப் பக்கம் பறக்கும். அப்பாக்கள் வேலை முடிந்து வருகிற நேரம் அவை வேலைக்குப் போகும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

எங்கள் பின்பக்க ஜன்னலும் கூடுகளும் ஒரே உயரத்தில் இருந்தன. தொழிற்சாலையில் டாங்கிக்குப் பொருத்துகிற பெரிஸ்கோப்பில் கழித்துப்போட்ட கண்ணாடி ஒன்றை அப்பா எனக்குக் கொடுத்திருந்தார். சோப்புக்கட்டி அளவு, ஒரு முனை உடைந்தது, கையில் வைத்தால் ஜில்லென்று இருக்கும். அதை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினால், நான் கட்டிலில் உட்கார்ந்தபடியே மூலைக் கூடு தெரியும். முட்டை இளநீலம். குஞ்சு வெளியே வந்தபோது மகா அசிங்கம். தலையில் குத்திட்ட மயிர், ஊதின வயிறு. தாய் வந்து பாதி செரித்த மீனைக் கக்கும், குஞ்சுகள் அதன் அலகையே பிடித்து இழுக்கும். மீனும் எச்சமும் ஈர இலையும் சேர்ந்த அந்த நாற்றம் எங்கள் தலையணையில்கூட இருக்கும். எனக்கு அந்த நாற்றமும் பிடித்திருந்தது. சொன்னால் அடி விழும் என்பதால் சொல்லவில்லை.

மற்ற எல்லாருக்கும் அது எரிச்சல். கொடியில் காய்கிற காக்கிச் சட்டையில் வெள்ளையாக வழியும். "இத எந்தச் சோப்புப் போட்டும் எடுக்க முடியல, நாசமாப் போற கொக்கு" என்று அம்மா தினம் ஒரு சாபம் கொடுப்பாள். உங்கள் அம்மாக்களும் கொடுத்தார்கள். வக்காக்களுக்கு ஆதரவாகப் பேசியது ஒரே ஒரு மனிதர், எங்களுக்குக் கீழ் வீட்டு ஸ்டோர்கீப்பர்.

அவரை நல்லவர் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பூந்தமல்லிக்காரர். பந்து அவர் வாசலில் விழுந்தால் அரிவாள்மனையால் இரண்டாக அரிந்து திருப்பித் தருவார். எங்கள் படிக்கட்டுக்கு முன்னால் ஓடாத ஸ்கூட்டர் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார். அது எண்ணெய் கக்கிக்கொண்டே இருக்கும். எடுக்கச் சொல்லி அப்பா கேட்ட நாளிலிருந்து இருவருக்கும் ஆகாது. அப்பா வெள்ளை என்றால் அவர் கறுப்பு. அப்பா பறவைகளை விரட்ட வேண்டும் என்று சொன்னதால் அவர் பறவைகள் கட்சிக்குப் போனார். பாசமெல்லாம் ஒன்றும் இல்லை.

மார்கழியில் தம்பிக்குக் கண் மஞ்சளானது. முதலில் சோறு வேண்டாம் என்றான், அப்புறம் படுத்தே கிடந்தான். அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி ஊட்டுவாள், அவன் அப்படியே வாந்தி எடுப்பான். அடுத்த வாரம் எதிர் வீட்டில் ஒருத்தி. அப்புறம் மாடி வீடுகளில் ஒன்று விட்டு ஒன்று. மாடி வீடுகளில் மட்டும்தான் என்பதை அன்றைக்கு ஒருத்தரும் கவனிக்கவில்லை. அப்பா தொட்டி மேல் ஏறிப் பார்த்தார். மூடி மேல் வக்கா எச்சம் காய்ந்து கிடந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவருக்கு அது போதுமாக இருந்தது.

மரத்தடியில் கூடினார்கள். நான் தம்பிக்கு வெந்நீர் வைத்துவிட்டு ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு குச்சியால் எச்சத்தைக் காட்டிப் பேசினார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஸ்டோர்கீப்பர் தன் வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னா அண்ணாத்தே, கொக்கு வந்து உன் புள்ள வாயில காமாலைய ஊத்திட்டுப் பூட்ச்சா? தண்ணியப் பாரு மொதல்ல. சாக்கடைக்கு அடியில பைப்ப உட்டுகினு, பறவையத் திட்டிகினு கீறியே."

அப்பாவின் முகம் மாறியது. "அது நாங்க போட்ட லைன்வே. ஒரு ஜாயிண்ட் கசிஞ்சாலும் எம் பேர மாத்திக்கிடுதேன்."

"பேர மாத்திக்கோ, எனக்கென்ன. பைப்ப நோண்டிப் பாரு."

நோண்டிப் பார்ப்பதற்கு ஒரு மண்வெட்டியும் ஒரு சாயங்காலமும் போதும். ஆனால் சொன்னது யார்? எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிற ஆள். அதுவும் குழாய் போட்டது கூடி நின்ற அத்தனை பேரும். தன் கையால் இறுக்கின மரையைத் தானே சந்தேகப்பட நம் அப்பாக்களில் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. நான் மாடியிலிருந்து, "அப்பா, குஞ்சு இருக்குப்பா" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதுக வேற மரத்துக்குப் போயிரும்ளா, உள்ள போ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெட்டினார்கள். கல்யாண வேலை மாதிரி செய்தார்கள். கப்பி கட்டி, கயிறு போட்டு, கிளைக்கு ஒரு ஆள் நின்று, துணி காய்கிற கம்பி ஒன்றுகூட அறுபடாமல் ஒவ்வொரு கிளையாக இறக்கினார்கள். கிளைகளை அவ்வளவு பக்குவமாக இறக்கினவர்கள், கூடுகளை என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை. கிளை சாயும்போதே குஞ்சுகள் உதிர்ந்தன. விழுந்த குஞ்சுகள் பயத்தில் மீனைக் கக்கின. சிமெண்ட் தரையெல்லாம் சின்னச் சின்ன மீன். நாய்கள் வந்தன. நம்மில் சிலர் குச்சி எடுத்துக்கொண்டு குஞ்சுகளைக் குத்திப் பார்த்தார்கள். யார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதில் ஒருவர்தான் இப்போது தினமும் புலியைக் காப்போம் என்று அனுப்புகிறார்.

நான் மூலைக் கூட்டுக் குஞ்சைத் தூக்கினேன். அது என் கையைக் கொத்தியது. கொத்தட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவரை சாபம் விட்டுக்கொண்டிருந்த அம்மாக்கள் எல்லாரும் அப்போதுதான் ஓடி வந்தார்கள். துணி ஊறவைக்கிற பக்கெட்டுகளில் பழைய புடவையைப் போட்டுக் குஞ்சுகளைப் பொறுக்கி வைத்தார்கள். "பாவம், பச்சப்புள்ளைங்க" என்று என் அம்மா தயிர்சாதத்தைப் பிசைந்து உருட்டி அலகில் திணித்தாள். வக்காக் குஞ்சு தயிர்சாதம் தின்னாது. மறுநாள் சங்கு ஊதுவதற்குள் பக்கெட்டுகள் எல்லாம் அசைவற்றுப் போயின. பெரிய வக்காக்கள் தொட்டியின் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, மரம் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கோபம் மட்டும் என்னோடு இருக்கிறது.

அந்தக் கண்ணாடியை அதற்குப் பிறகு கையில் எடுக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டோர்கீப்பரின் ஸ்கூட்டரில் பக்கவாட்டில் ஒரு பெட்டி உண்டு, பூட்டு கிடையாது. அதற்குள் போட்டு மூடினேன். அப்பா கேட்டபோது தொலைந்துவிட்டது என்றேன்.

அடுத்து வேரையும் தோண்டி எடுக்க வேண்டும் என்று முடிவானது. அடிமரத்தை விட்டால் துளிர்க்கும், பறவை திரும்பி வரும் என்பது அப்பாவின் வாதம். கடப்பாரையோடு போனால், அடிமரத்தின் மேல் ஸ்கூட்டர் சாய்ந்து நிற்கிறது. இறக்கிய கிளைகளைக் குவித்ததில் தன் துளசிச் செடி நசுங்கிவிட்டது என்ற ஆத்திரத்தில் ஸ்டோர்கீப்பர் அதைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே நிறுத்தியிருக்கிறார்.

"எடுங்கவே வண்டிய."

"எடுக்க மாட்டேன். என் பொருளு. என் கையெழுத்து இல்லாம எவன் தொட்டாலும் ஆபீஸ்ல எழுதிக் குட்த்துடுவேன்."

வேறு ஊராக இருந்தால் நாலு பேர் சேர்ந்து தூக்கி ஓரமாக வைத்திருப்பார்கள். நம் அப்பாக்களுக்கு அது முடியாது. ஒரு போல்ட்டைக்கூட உரியவர் கையெழுத்து இல்லாமல் கேட்டைத் தாண்ட விடாத இடத்தில் இருபது முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள். அந்தப் பயமும் மரியாதையும் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தன. கடப்பாரையை முதலில் கீழே போட்டது என் அப்பாதான். "அவரு எழுதித் தரட்டும், பொறவு எடுப்போம்" என்றார். ஸ்டோர்கீப்பர் எழுதித் தரவே இல்லை.

பொங்கல் முடிந்தும் காமாலை நிற்கவில்லை. இன்னும் சில மாடி வீடுகளுக்கு வந்தது. கடைசியில் எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து பின்பக்கத்தைத் தோண்டினார்கள். வாய்க்காலுக்கு அடியில் ஒரு இணைப்பு விலகி, சாக்கடை நேராகக் குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். நம் அப்பாக்கள் குழியைச் சுற்றி நின்றார்கள். ஸ்டோர்கீப்பர் மட்டும் வாசலில் நின்று சத்தமாகச் சிரித்தார். அவரையும் எனக்குப் பிடிக்கவில்லை.

மரத்தைப் பற்றி அதற்குப் பிறகு நம் வீடுகளில் பேச்சே வரவில்லை. குழாயைச் சுவர் மேலாக மாற்றிப் போட்டார்கள், தம்பி தேறினான், பரீட்சை வந்தது. அப்பா கடைசி வரைக்கும், "பறவையும் ஒரு காரணம்தாம்ளா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளுக்குள் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் சொல்லாதது இன்னும் மோசம்.

ஸ்கூட்டர் அங்கேயே நின்றது. சித்திரையில் அதன் ஹேண்டில் பாருக்கு நடுவே ஒரு துளிர் வந்தது. ஸ்டோர்கீப்பர் ஓய்வு பெற்றுப் போனபோதும் வண்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை, கையெழுத்தும் போடவில்லை. எஸ்டேட் ஆட்கள் அதைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்கள். நாம் படித்து முடித்தோம், வேலைக்குப் போனோம், ஆளுக்கு ஒரு பக்கம் சிதறினோம். அதற்குள் மரம் ஸ்கூட்டரைவிட உயரமாகிவிட்டது. பிறகு பழைய இரும்புக்காரன் எவனோ வண்டியைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான். என் கண்ணாடியும் அதோடு போயிற்று. வண்டியின் ஸ்டாண்டை மட்டும் எடுக்க முடியவில்லை. மரம் அதைப் பட்டைக்குள் வாங்கிக்கொண்டுவிட்டது. இப்போதும் ஒரு விரல் நீளத்துக்கு இரும்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, போய்த் தடவிப் பாருங்கள்.

வக்காக்கள் அதே மரத்துக்குத் திரும்பி வந்தன. ஆள் இல்லாத பிளாக்குகள், கேட்க நாதியில்லாத மரம், அவற்றுக்கு வசதியாகப் போயிற்று. வேறு மரத்துக்குப் போக அவற்றுக்கும் வேறு மரம் வேண்டாமா தம்பி? பட்டாபிராம் ஸ்டேஷனிலிருந்து என் ஃபிளாட் வரைக்கும் நடந்து பார், எத்தனை மரம் இருக்கிறது என்று சொல்.

எனக்கு உங்கள் மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் மரத்தின் மேல் இருக்கிறது. நல்லவர்கள் வந்து காப்பாற்றட்டும் என்று காத்திருந்தால் இந்த மரம் என்றைக்கோ விறகாகியிருக்கும். அதைக் காப்பாற்றியது ஒரு மனிதரின் வீம்பு. வீம்பு நம் எல்லாரிடமும் தாராளமாக இருக்கிறது. குழுவில் மூன்று நாளாக இட்லிக்கு எந்தச் சட்னி என்று சண்டை போட்டவர்கள்தானே நீங்கள்?

எங்கள் ஃபிளாட் பார்க்கிங்கில் என் பழைய ஸ்கூட்டி ஓடாமல் நின்றது. எடுக்கச் சொல்லிச் செயலாளர் மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய், அந்த இரும்பு நீட்டிக்கொண்டிருக்கிற பக்கமாக மரத்தில் சாய்த்து நிறுத்தினேன். மரம் வெட்டுகிற மேஸ்திரி வந்தார். சின்ன வயசு.

"யம்மா, வண்டிய எடும்மா. வேல கீது."

"எடுக்க மாட்டேன். ஆர்.சி. என் பேர்ல கீது. என் கையெழுத்து இல்லாம எவன் தொட்டாலும் எழுதிக் குட்த்துடுவேன்."

என் வாயில் ஸ்டோர்கீப்பர் வந்து உட்கார்ந்துகொண்டதில் எனக்கே ஆச்சரியம். மேஸ்திரி என்னைப் பார்த்தார், மேலே குஞ்சுகளைப் பார்த்தார். "சாரைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதை எழுதுகிற வரைக்கும் சார் வரவில்லை. கிரேன் வைத்து ஒரு நொடியில் தூக்கிவிடலாம் என்று எனக்கும் தெரியும். கிரேனுக்கு ஒருத்தர் சொல்ல வேண்டும், அதற்கு ஒருத்தர் அனுமதி தர வேண்டும், அதற்குள் ஒரு நாள் போகும். அந்த ஒரு நாளில் மூலைக் கூட்டுக் குஞ்சு சிறகை இன்னும் கொஞ்சம் விரிக்கும்.

உங்கள் பார்க்கிங்கில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிற ஓடாத வண்டிகளையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். தம்பி, உன் இரண்டாவது கார் ஸ்டார்ட் ஆகி வருஷக்கணக்காகிறது. மரத்தைச் சுற்றி இன்னும் நிறைய இடம் இருக்கிறது. படம் அனுப்பாதீர்கள், வண்டியை அனுப்புங்கள். ஆர்.சி. புத்தகம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். யார் வந்து எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.